மெரினா: படகுத்தாவளம்

குமரி மாவட்டத்துக் குழித்துறையில் பேருந்துக்கு நிற்பவரிடம் 'மெரினா' என்று சொன்னால் அவர் மனத்தில் சென்னையின் மணற்பரப்பும் சுண்டலும் தோன்றும், படகு தோன்றாது. நகரக் கரையொன்றில் மெரினா, அதாவது உல்லாசப் படகுகள் தங்கி நிற்கும் இடம், அமைக்கலாமா என ஆராயும் அறிக்கையைத் தமிழில் எழுதுவோருக்கு இதுதான் முதற் சிக்கல்.

இலத்தீனில் கடலைக் குறிக்கும் 'மாரே' என்னும் சொல்லின் வழியே 'கடல்சார்ந்த' என்னும் பொருளில் 'மரினுஸ்' பிறந்தது. இத்தாலியத்தில் 'மரீனா' கடற்கரையைக் குறிக்கிறது. சென்னை மாகாண ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், 1884இல் கடலோர நடைபாதையை அமைத்தபோது, சிசிலியின் நினைவில் அதற்கு இப்பெயரை இட்டார். ஆகவே சென்னை வழக்கு பிழையன்று, பழம்பொருள். அந்தக் கரை இவ்வளவு அகன்றதற்குக் காரணம், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர்கள் மறித்ததுதான். அதே மறிப்பால் வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இச்சொல்லின் பொருள் குறுகியது. பாய்மரப் படகுகளும் உல்லாசப் படகுகளும் கட்டணம் செலுத்தி நாள்கணக்கில் நிற்கும், எரிபொருள், குடிநீர், பழுதுபார்ப்பு, கழிவகற்றல் ஆகியவற்றுக்கு வசதியுள்ள, அலையடங்கிய நீர்ப்பரப்பே இன்று மெரினா. கொச்சியில் போல்காட்டித் தீவின் காயலோரத்தில், அதாவது உப்பங்கழியின் கரையில், இருப்பது இவ்வகை.

இதற்குப் 'படகுத்துறை' என்று எழுதுவோர் உண்டு. 'துறை' நல்ல சொல்தான்; மார்த்தாண்டன்துறை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை எனக் கேரளத்தை ஒட்டிய எங்கள் எல்லைக் கரையே அச்சொல்லால் நிறைந்தது. ஆனால் படகுத்துறை ஏறி இறங்கும் இடம். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகேறுமிடம் அத்தகையது. மெரினாவின் உயிர்ப்பொருளோ தங்குதல். தங்குமிடத்தைக் குறிக்கும் 'தாவளம்' தமிழ் அகராதிகளில் உள்ள சொல்; திருவனந்தபுரம் செல்லும் வழியில் 'விமானத்தாவளம்' என மலையாளத்தில் நாள்தோறும் காதில் விழுவது. அக்கரைச் சொல் என்று கருதி நாம் கைவிட்ட நம் சொல்லை மீட்டுப் 'படகுத்தாவளம்' எனலாம் என்பது என் கருத்து.

அறிக்கைகளில் அடுத்து இடறுவது 'சூழல் தடைகள்' என்னும் தொடர். தடை என்றால் செய்யவே கூடாது; ஆனால் ஆய்வு கேட்பது எதுவரை செய்யலாம் என்பது. வயலின் வரம்பைப் போல எல்லை காட்டுவதால் 'வரம்பு' என்பதே பொருந்தும். முதலில் 1991இலும் பின்னர் 2011, 2019 ஆகிய ஆண்டுகளிலும் வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் சட்ட வரம்பு. அலையாத்திக் காடும் ஆமை முட்டையிடும் மணலும் உயிர் வரம்பு. இவற்றுக்கு நிகராக மணல் நகர்வைக் கருதவேண்டும். குழித்துறை ஆறு கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணத்தில், மீன்பிடித் துறைமுகத்தின் பொழிமுகத்தில், அதாவது ஆறு கடலில் திறக்கும் வாயில், மணல் மேடிட்டு, ஆனி ஆடிக் கடலில் வள்ளங்கள் என்னும் மீன்பிடிப் படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. கரைக்குத் திரும்புகிற வள்ளம் பொழிக்கு வெளியே நின்று, பெரிய அலைகள் கடந்துபோகும்வரை காத்திருந்து, பிறகுதான் விசையைக் கூட்டும். காயலின் அமைதியில் எளிதாக அமைவது, இத்தகைய திறந்த கடலோரத்தில் அலைதடுப்புச் சுவரையும் ஆண்டுதோறும் மணல் தூர்வாருவதையும் கேட்கும்.

எனவே அறிக்கையின் தலைப்பு 'படகுத்தாவளம்: வளர்ச்சி வாய்ப்புகளும் சூழல் வரம்புகளும்' என அமையலாம். சென்னைக் கடற்கரைக்கு மட்டும் மெரினா என்பது இயற்பெயராகவே நிற்கட்டும்.