சும்மா செய்கிற வேலைக்கு லீவு யாரிடம் கேட்பது?

போன ஐப்பசியில் ஒரு இளைஞரை அவருடைய மனைவி மனநல ஆலோசகரான என்னிடம் அழைத்து வந்தார். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம், வேலை மதுரை இலந்தைகுளம் ஐ.டி. பார்க்கில். (எழுதச் சம்மதம் வாங்கிவிட்டேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு போனைப் பார்த்து முணுமுணுக்கிறார் மேடம். கடன்காரன் எவனும் மிரட்டுறானோன்னு பயந்துட்டேன்" என்றார் அந்தப் பெண்.

கடனெல்லாம் இல்லை. பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டிய கோப்பை, எல்லாக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோடு முறைக்கு மாற்றும் சின்ன மென்பொருள் ஒன்றை ஆறு வருடமாக இலவசமாகப் பராமரித்து வருகிறார். டி.டி.பி. சென்டர்களிலும் அச்சகங்களிலும் அதைப் பயன்படுத்துகிறார்கள். போனை நீட்டி ஒரு செய்தியைக் காட்டினார்: "நாளைக்குக் கல்யாணப் பத்திரிகை அச்சாகணும், 'ஸ்ரீ' உடையுது. மூணு நாளா சொல்றேன். பார்க்க முடியலேன்னா எதுக்கு இதை வச்சிருக்கீங்க?" எழுதியவருக்கு அன்று என்ன அவசரமோ. ஆனால் அந்தக் கடைசி வரியை இவர் எத்தனை முறை படித்திருப்பார் என்று கேட்டேன். "மனப்பாடம் ஆயிடுச்சு மேடம்."

சித்திரைத் திருவிழாவில் அழகர் வருகிற வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல் போடுகிறோம். குடித்துவிட்டு "உப்பு பத்தலப்பா" என்று சொல்கிறவர் அங்கேயும் உண்டு. ஆனால் ஊற்றுகிறவரின் முகமும் வியர்வையும் எதிரே தெரிவதால் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். மென்பொருளில் ஊற்றுகிறவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைவிட முக்கியம், திருவிழா முடிந்தால் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். இவர் பந்தலை ஆறு வருடமாக யாரும் பிரிக்கவே இல்லை. ஆபீசில் என்றால் லீவு லெட்டர் கொடுக்கலாம், சண்டை முற்றினால் வேலையை மாற்றலாம். தானாக எடுத்துக்கொண்ட வேலைக்கு யாரிடம் லீவு கேட்பது?

"சம்பளமே இல்லாத வேலைக்கு என்ன அலுப்பு?" என்பது இவர் அப்பாவின் கேள்வி. பல வீடுகளில் கேட்ட கேள்விதான். உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் ஏற்ற வகைப்பாட்டில் பர்ன்அவுட்டை, அதாவது உழைத்து உழைத்து மனம் அலுத்துப்போவதை, வேலை சார்ந்த நிலை என்றுதான் சொல்கிறது, நோய் என்று சொல்லவில்லை. ஆனால் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1974-இல் இதைப் பற்றி எழுதியபோது அவர் கண்முன் இருந்தவர்கள் நியூயார்க்கின் ஓர் இலவச மருத்துவமனையில் சேவை செய்தவர்கள். மாலையில் வந்து சும்மா உழைத்தவர்கள். தொடங்கிய இடமே தன்னார்வலர்தான்!

இவரிடமும் எல்லா அறிகுறியும் இருந்தன. தூங்கி எழுந்தாலும் அசதி. "யூசர் எல்லாம் முட்டாள் மேடம்" என்ற கசப்பு. கடைசியாக, "நான் செஞ்சதுல என்ன பிரயோஜனம்?" பயன்படுத்துகிறவர்கள் மீது அக்கறைப்பட்டு ஆரம்பித்தவர் வாயில் அந்த முட்டாள் என்ற சொல் வந்ததுதான் எனக்கு உறுத்தியது.

மரியாதைச் சண்டையும் ஒன்று இருந்தது. மெனுக்களைத் தமிழாக்கித் தருகிறவர் மேலூர்க்காரர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஒரு திருத்தத்தைப் பார்த்து இவர் ஆங்கிலத்தில், ஏன் இதை மாற்றினீர்கள் என்று ஒரு வரி கேட்டிருக்கிறார். ஒருவர் செய்த திருத்தத்தை இன்னொருவர் சரிபார்க்கும் கோட் ரிவ்யூவில் அது சாதாரணக் கேள்வி, காரணம் தெரிந்தால் போதும். ஆனால் நம் காதில் "ஏன் மாத்துனே?" என்பது ஹெட்மாஸ்டர் குரலில்தான் விழும். முப்பது வருடம் அந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்டவர் அவர். போதாததற்கு, வரியின் முடிவில் "ப்ரோ" வேறு. அவர் பதிலுக்கு, "தம்பி, உங்களுக்குத் தமிழ் அனுபவம் பத்தாது" என்று எழுத, பொறுப்பாளரான தன்னை எல்லார் முன்னாலும் சின்னப் பையனாக்கிவிட்டார் என்று இவருக்குக் கொதிப்பு. இருவரும் நல்லவர்கள். மூன்று மாதம் பேச்சில்லை.

பெரிய இடங்களிலும் இதுதான் கதை. பைத்தான் என்ற கணினி மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம், ஒரு சிறு இலக்கண மாற்றத்துக்கு நடந்த சண்டையில் சலித்து 2018 ஜூலையில் தலைமையை விட்டார். லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதே ஆண்டு செப்டம்பரில் தன் கடுஞ்சொற்களுக்கு மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் ஒதுங்கினார்.

என்னை அதிகம் உலுக்கியது எக்ஸ்.இசட். விவகாரம். கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள் அது, பராமரித்தவர் கிட்டத்தட்ட ஒற்றை ஆள். 2022-இல் சிலர் ஏன் தாமதம், வேறு ஆளிடம் கொடு என்று விடாமல் நெருக்கினார்கள். தனக்கு நீண்டநாள் மனநலச் சிக்கல் உண்டு, இது சம்பளமில்லாத வேலை என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். கடைசியில் கைகொடுக்க வந்த ஒருவரிடம் பொறுப்பைப் பகிர்ந்தார். அந்த ஆள் அதற்குள், அது இருக்கிற கணினிகளில் அந்நியர் நுழையும்படி கள்ளக் கதவு வைத்துவிட்டார். லாகின் ஆக அரை நொடி கூடுதலாகிறதே என்று ஒரு பொறியாளர் துருவியதால் 2024 மார்ச்சில் பிடிபட்டது. நெருக்கியவை போலிக் கணக்குகள் என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். அலுத்துப்போன மனிதரைக் குறிவைத்தால் பூட்டை உடைக்க வேண்டியதில்லை என்று எவரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

சரி, இவருக்கு என்ன செய்தோம்? போனிலிருந்து அந்த அறிவிப்புகளை என் அறையிலேயே நிறுத்தச் சொன்னேன். கை நடுங்கியது, பொய்யில்லை. அப்புறம் மென்பொருளின் முகப்பில் போட நான்கு வரி எழுதினோம்: இது ஓய்வு நேர வேலை, ஞாயிறு காலை மட்டும் பார்ப்பேன், அவசரமென்றால் பழைய பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள், திட்டினால் பதில் வராது. "மன்னிக்கவும்" என்று ஆரம்பித்திருந்தார், அதை அடிக்கச் சொன்னேன். தேவைப்பட்டால் மென்பொருளை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் எல்லாவற்றையும் படிக்க மட்டும் என்று மூடி வைக்கவும் வழியுண்டு. அந்தக் கதவு இருக்கிறது என்று தெரிந்ததே அவருக்குப் பாதி நிம்மதி.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ கெட்டால், உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், ஆலோசகரோடு நிற்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் 14416 இலவசம், எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

அந்தத் தமிழாசிரியரிடம் எழுதாமல் போனில் பேசுங்கள் என்றேன். "ஐயா" என்று ஆரம்பித்ததில் நாற்பது நிமிடம் போயிருக்கிறது. செட்டிங்ஸுக்கு "அமைப்புகள்" சரியா "அமைவுகள்" சரியா என்று இருவருக்கும் இன்னும் சண்டைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்.