சொல் விளக்கம்: மகரந்தச் சேர்க்கை

பூவின் ஆண் உறுப்பில் விளையும் தூள், பெண் உறுப்பின் நுனிக்குப் போய்ச் சேர்வதை மகரந்தச் சேர்க்கை என்கிறோம். ஆங்கிலத்தில் பாலினேஷன். அதன் வேர், நுண்ணிய மாவைக் குறிக்கும் 'பொல்லென்' என்ற லத்தீன் சொல். பூசணிப் பூவுக்குள் விரலை விட்டு எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் உடனே புரியும்.

மகரந்தம் சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொல். அங்கே அது பூவில் ஊறும் தேனைக் குறிக்கிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்தியிலும் இன்றைக்கும் மகரந்தம் என்றால் தேன்தான். தூளுக்கு அவர்கள் சொல்வது பராகம். மலையாளப் பாடப்புத்தகத்தில் நம் மகரந்தச் சேர்க்கைக்குப் பெயர் பராகணம். தமிழில் மகரந்தம் இரண்டு பொருளிலும் வழங்கி, பாடநூல்கள் வந்தபின் தூளின் பெயராக நிலைத்துவிட்டது.

தேனும் தூளும் பூவில் வேறு வேறு இடத்தில், வேறு வேறு காரணத்துக்காக உண்டாகின்றன. தேன் பெரும்பாலும் பூவின் அடியில் உள்ள சுரப்பியில் ஊறும். அது வருகிறவருக்குக் கொடுக்கும் கூலி. தூள் மகரந்தப் பையில் இருக்கும். அதுதான் அவர் சுமந்துபோக வேண்டிய சரக்கு. கத்தரி, தக்காளிப் பூக்களில் தேனே கிடையாது. பழைய பொருளில் சொன்னால் மகரந்தமே இல்லாத பூக்கள். ஆனாலும் அங்கே மகரந்தச் சேர்க்கை நடக்கிறது!

தமிழில் இந்தத் தூளுக்குப் பழைய சொல் தாது. அகநானூற்றின் 4ஆம் பாட்டில், வினை முடித்துத் திரும்பும் தலைவன் தேர்மணியின் நாவை இழுத்துக் கட்டிவிட்டு வருகிறான். பூத்த சோலையில் துணையோடு தங்கியிருக்கும் 'தாதுண் பறவை' ஒலி கேட்டுக் கலங்கிவிடக் கூடாதே என்றுதான். தாதை உண்ணும் பறவை என்பது இங்கே வண்டு. கவிதை அழகுக்காகச் சொன்னது என்று இதைக் கடந்துவிட வேண்டாம். தேனீக்கள் தாதை உண்மையாகவே உண்கின்றன. அவற்றின் புழுக்களுக்குப் புரதம் அதிலிருந்துதான் வருகிறது. குறுந்தொகையின் 'கொங்குதேர் வாழ்க்கை' எல்லோருக்கும் தெரியும். அந்தக் கொங்கு என்ற சொல்லுக்கும் தேன், பூந்தாது என்று இரண்டு பொருளும் உண்டு.

இன்று தாது என்று தனியாகச் சொன்னால் இரும்புத்தாதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். அதனால் பூந்தாது என்று சேர்த்துச் சொல்வதே தெளிவு. பூந்துகள் என்பதும் நல்ல சொல். தேர்வில் மகரந்தச் சேர்க்கை என்றே எழுதலாம், தவறில்லை. வெளியே எழுதும்போது பூந்தாதுச் சேர்க்கை என்று எழுதிப் பழக்கலாம் என்பது என் கருத்து. இலங்கைப் பாடநூல்களில் உறுப்புகளின் பெயர்கள் கொஞ்சம் மாறும்: தூள் விளையும் ஆண் உறுப்பான நம் மகரந்தத்தாள் அங்கே கேசரம், பெண் உறுப்பின் நுனியான சூலகமுடி அங்கே குறி.

அப்புறம், 'சேர்க்கை' என்ற பகுதியைக் கேட்டதும் கரு உண்டாகிவிட்டது என்று நினைக்கிறவர்கள் நிறைய பேர். அது அடுத்த கட்டம். தாது சூலகமுடியில் ஒட்டுவதோடு சேர்க்கை முடிந்தது. பிறகு அந்தத் தாதுமணி முளைத்து, ஒரு மெல்லிய குழலை உள்ளே இறக்குகிறது. மக்காச்சோளக் கதிரில் தொங்கும் பட்டுநூல் ஒவ்வொன்றும் ஒரு மணிக்கான சூலகத் தண்டு; அந்த நீளம் முழுவதும் குழல் வளர்ந்து போக வேண்டும். குழல் வழியாக இரண்டு ஆண் அணுக்கள், பின்னால் விதையாகப் போகும் சூலுக்குள் போகின்றன. ஒன்று முட்டையோடு கூடிக் கருவாகிறது. மற்றொன்று வேறு உட்கருக்களோடு கூடி, கருவுக்கான உணவுத் திசுவாகிறது. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898இல் கண்டு சொன்னவர் ரஷ்ய அறிவியலாளர் நவாஷின். நாம் சோறாக்கும் அரிசியின் பெரும்பகுதியும், இளநீரும் தேங்காய்ப் பருப்பும் அந்த இரண்டாவது கூடலில் வந்தவை. இலங்கையில் கருவுறுதலைக் கருக்கட்டல் என்கிறார்கள். எனக்கு அது இன்னும் பிடித்த சொல்.

சரி, தாதைச் சுமப்பது யார்? நெல் பெரும்பாலும் தன் பூவின் தாதையே ஏற்றுக்கொள்கிறது. மக்காச்சோளத்துக்குக் காற்று போதும். அதனால் தேனீ அழிந்தால் சோறே இருக்காது என்று சொல்வது சரியில்லை. ஆனால் உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் சுமார் 75 சதவீதம் ஓரளவாவது உயிரினங்களை நம்பியிருக்கின்றன. பூசணி, பாகல், சுரை எல்லாம் அந்தக் கணக்கில் வரும். ஒரே கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. யாரும் தாது கொண்டு வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். மாடித் தோட்டக்காரர்கள் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவிவிடுவது இதற்காகத்தான்.

இதையே பெரிய தோட்டங்களில் கூலி கொடுத்துச் செய்த காலமும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் செம்பனையை, அதாவது பாமாயில் தரும் மரத்தை, மலேசியாவுக்குக் கொண்டுபோய் நட்டபோது, அதன் தாதைச் சுமக்கும் பூச்சி அதோடு வரவில்லை. அந்த மரத்துக்குக் காற்றே போதும் என்று நம்பினார்கள். காய்ப்புப் போதாமல், தமிழர்கள் நிறைய பேர் வேலை பார்த்த அந்தத் தோட்டங்கள் பலவற்றில் தாதைக் கையாலேயே தூவ வேண்டியிருந்தது. பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் கேமரூனில் ஆராய்ந்து, வேலையின் பெரும்பகுதியைச் செய்வது ஒரு சின்னக் கூன்வண்டு என்று காட்டினார். அது ஆண் பூங்கொத்தில் குடியிருந்து பெருகும். பெண் பூங்கொத்தும் அதே போன்ற வாசனையை விடுவதால் ஏமாந்து அங்கேயும் போகும், உடம்பில் ஒட்டிய தாதோடு. 1981இல் அந்த வண்டை மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் விட்டார்கள். காய்ப்பு நன்றாகக் கூடியது, கையால் தூவும் வேலையும் நின்றுபோனது.

இந்த வேலையைச் செய்யும் உயிர்களுக்கு மகரந்தச் சேர்க்கையாளர்கள் என்று எழுதுகிறார்கள். வாயில் நுழையவே சிரமமான சொல், அதோடு 'ஆளர்' என்ற விகுதி மனிதருக்கு வருவது. நோயைச் சுமக்கும் கொசுவை நோய்க்காவி என்கிறோம். அதே வழியில் பூந்தாதுக்காவி என்று சொல்லலாம். மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ மட்டுமின்றி எறும்பு, அந்துப்பூச்சி, தேன்சிட்டு, வௌவால் வரை எல்லாவற்றையும் இந்தப் பெயர் தாங்கும்.

கத்தரிக்கு மட்டும் தனித் திறமை வேண்டும். அதன் மகரந்தப் பையில் நுனித்துளை மட்டுமே உண்டு. வேலிகளில் திரியும் பெரிய கருவண்டு, அதாவது தச்சுத்தேனீ, பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். தாது துளைவழியே பீய்ச்சி வரும். காற்று உலுக்கினாலும் கொஞ்சம் உதிரும்தான். பெட்டியில் வளர்க்கும் தேனீக்களுக்கு இப்படி அதிரவைக்கத் தெரியாது. கருவண்டோ காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் குடைந்துதான் குடியிருக்கும். தோட்ட ஓரத்துப் பட்ட மரத்தை விறகுக்கு வெட்டும் முன் அதில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.