ஃப்ரீஸரில் வைத்தால் போதுமா? பூனைக்குப் பச்சைக் கோழி போடுவோருக்கு

சென்ற மாதம் ஓர் அக்கா தம் பூனைக்குத் தடுப்பூசி போட வந்திருந்தார். எடை பார்த்துக்கொண்டே, "என்ன சாப்பாடு வைக்கிறீங்க?" என்று வழக்கம்போலக் கேட்டேன். கைப்பையிலிருந்து ஜிப் வைத்த ஒரு பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே பிஸ்கட் மாதிரி சின்னச் சின்னக் கட்டிகள். ஃப்ரீஸ் டிரைட் கோழி, அதாவது பச்சையாகவே உறைய வைத்து உலர்த்தியது. "பச்சை இறைச்சியெல்லாம் நான் போடுறதில்ல டாக்டர். இது காஞ்சது. கெட்டுப்போகாது."

என் கையில் அப்போது ஊசி மருந்துக் குப்பி இருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். குப்பியின் அடியில் வெள்ளையாக ஒரு வில்லை ஒட்டிக்கொண்டிருக்கும். பூனையின் உடலுக்குள் போய் எதிர்ப்பு சக்தியைத் தட்டியெழுப்ப வேண்டிய வைரஸ் அதற்குள்தான் இருக்கிறது. நோய் உண்டாக்காதபடி வீரியம் குறைத்திருப்பார்கள், ஆனால் அது செயலிழந்துவிடக் கூடாது. செயலிழந்தால் ஊசி வீண். அதற்காகத்தான் அதை உறைய வைத்து, ஈரத்தை உறிஞ்சி எடுத்து, வில்லையாக்கி அனுப்புகிறார்கள். குளிர்பெட்டியில் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். இன்னொரு குப்பியிலுள்ள நீர்மத்தை ஏற்றிக் குலுக்கினால் கரைந்து வேலைக்குத் தயாராகிவிடும்.

"உங்க பாக்கெட்டும் இதே முறையில செஞ்சதுதான் அக்கா. கோழியில பறவைக் காய்ச்சல் வைரஸ் இருந்திருந்தா அதுவும் இப்படியே பிழைச்சுக் கிடக்கும்" என்றேன். அவர் குப்பியைப் பார்த்தார், பாக்கெட்டைப் பார்த்தார், பிறகு பூனையைப் பார்த்தார்.

குளிர் கிருமியைக் கொல்லும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஃப்ரீஸரில் கிருமி பெருகாது, அவ்வளவுதான். ஆய்வகங்களில் வைரஸ் மாதிரிகளைப் பல ஆண்டுகள் கெடாமல் வைத்திருப்பதே கழித்தல் 80 டிகிரியில்தான். வைரஸை அழிப்பது சூடு. கோழியின் நடுப்பகுதிவரை 74 டிகிரி செல்சியஸ் ஏறிவிட்டால் பறவைக் காய்ச்சல் வைரஸ் தாங்காது. டின் உணவும் சாதாரண உலர்தீனியும் தயாரிக்கும்போதே நன்றாகச் சூடாக்கப்படுகின்றன. பச்சையாக உறைய வைத்ததிலும் உறைய வைத்து உலர்த்தியதிலும் அந்தச் சூடு இல்லை.

பூனைக்குப் பறவைக் காய்ச்சல் வருமா என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. வரும். அதுவும் சாப்பாடு வழியாகவே வரும். நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது: 2004 அக்டோபரில் தாய்லாந்தின் சீராச்சா விலங்குக் காட்சிசாலையில் பச்சைக் கோழி தின்ற புலிகள் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்றி விழத் தொடங்கின. கோழி போடுவதை நிறுத்திய பிறகும் புலியிலிருந்து புலிக்குப் பரவியது. அங்கிருந்த 441 புலிகளில் 147 இறந்தன அல்லது கருணைக்கொலை செய்யப்பட்டன. வீட்டுப் பூனையும் அதே குடும்பம்தான். 2023இல் போலந்தில் பல ஊர்களில் பூனைகள் இறந்தபோது சந்தேகம் பச்சைக் கோழிமீதே விழுந்தது. அதே ஆண்டு தென்கொரியாவின் சோலில் இரண்டு பூனைக் காப்பகங்களில் தொற்று வந்தது. கிருமிநீக்கம் செய்யாமல் விற்ற வாத்திறைச்சித் தீனியில் வைரஸ் இருந்தது. 2024 மார்ச்சில் டெக்சஸ் பால்பண்ணையில் காய்ச்சாத பால் குடித்த பூனைகளில் ஏறக்குறைய பாதி செத்துப்போயின. அதே ஆண்டு இறுதியில் அமெரிக்காவின் ஓரிகனில் ஒரு வீட்டுப் பூனை இறந்தது. வெளியே காலெடுத்து வைக்காத பூனை அது. உறைய வைத்த பச்சை வான்கோழி இறைச்சித் தீனி தின்றிருந்தது.

இந்தக் கடைசிச் சம்பவம்தான் என்னை உறுத்துகிறது. ஏனென்றால் நம் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுப் பூனைகள் பெரும்பாலும் அப்படித்தான் வாழ்கின்றன. பதின்மூன்றாவது மாடி, சன்னலுக்கு வலை, கட்டடத்தின் கீழேயுள்ள வெற்றுத்தளத்துக்குக்கூட இறங்கியதில்லை. "எங்க பூனை வெளியவே போகாது டாக்டர்" என்பதை ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் மாதிரிச் சொல்கிறார்கள். அது போகாவிட்டால் என்ன, சாப்பாடு வெளியிலிருந்துதானே வருகிறது? சிங்கப்பூருக்கு வரும் இறைச்சியைச் சிங்கப்பூர் உணவு அமைப்பு கண்காணிக்கிறது. தேக்கா சந்தையில் வாங்கும் கோழியை நான் தயங்காமல் சமைத்துச் சாப்பிடுகிறேன். 'சமைத்து' என்ற சொல்தான் முக்கியம். மனிதர் உண்ணத் தகுந்த இறைச்சி என்று பாக்கெட்டில் பெரிதாகப் போட்டிருப்பதற்கு, பச்சையாகத் தின்னலாம் என்று அர்த்தமில்லை.

2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளில் உரிமத்தோடு இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்றானது. இத்தனை ஆண்டுகளாக ஒளித்து வளர்த்தவர்கள் இப்போது கூடையோடு நேராக வருகிறார்கள். எனக்கு அதில் மெத்த மகிழ்ச்சி. கூடவே முதன்முறையாகப் பூனை வளர்ப்பவர்களும் நிறைய வருகிறார்கள். அவர்களுக்குத் தொலைபேசியில் ஓடும் காணொளிகள்தான் ஆசான். காட்டுப் பூனை வேகவைத்தா தின்கிறது என்பார் ஒருவர். காட்டுப் பூனை எத்தனை வயதுவரை வாழ்கிறது என்று அந்தக் காணொளியில் யாரும் கேட்பதில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். என் மேசையில் நான் அடிக்கடி பார்ப்பது பறவைக் காய்ச்சலை அன்று. ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கையே பார்க்கிறேன். பச்சைக் கோழி தின்ற பூனையின் மலத்தைச் சோதனைக்கு அனுப்பினால் சால்மோனெல்லா என்ற குடல் கிருமி இருப்பதாகப் பதில் வருவது அதிசயமில்லை. சில பூனைகள் எந்த அறிகுறியும் இல்லாமல் அதை வெளியேற்றிக்கொண்டிருக்கும். ஒரு வீட்டில் பூனைத் தட்டையும் குழந்தையின் பால் புட்டியையும் ஒரே ஸ்பாஞ்சால் கழுவுவதாகப் பேச்சுவாக்கில் சொன்னார்கள். பூனைக்குப் பார்க்க வேண்டிய நேரத்தில் பாதியை அந்த ஸ்பாஞ்சைப் பற்றியே பேசிக் கழித்தேன். கைக்குழந்தை, கர்ப்பிணி, கீமோ சிகிச்சையில் இருக்கும் தாத்தா என்று யாராவது இருக்கும் வீட்டில் பச்சை இறைச்சித் தீனி வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

பறவைக் காய்ச்சல் அரிதுதான். ஆனால் வந்தால் பூனை தப்புவது கடினம். முதலில் காய்ச்சல், சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு விலகுதல், ஒரே இடத்தில் சுருண்டு கிடத்தல். எல்லா நோய்க்கும் இப்படித்தானே ஆரம்பிக்கும் என்பீர்கள், உண்மைதான். அடுத்து வருவதைக் கவனியுங்கள்: மூச்சு வாங்கும், மூக்கிலும் கண்ணிலும் நீர் வடியும், நடை தள்ளாடும், வட்டமாகச் சுற்றும், வலிப்பு வரும், திடீரென்று கண் தெரியாமல் சுவரில் முட்டும். இவற்றில் எதையாவது பார்த்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதற்கு முன் மருந்தகத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். காத்திருப்போர் அறையில் மற்றப் பூனைகள் இருக்கும். உங்களைத் தனி வழியாக உள்ளே அழைத்துக்கொள்வோம். எங்களுக்கும் கவசம் போட நேரம் வேண்டும். 2016இல் நியூயார்க் காப்பகம் ஒன்றில் பூனைகளிடையே பரவிய எச்7என்2 என்ற வேறொரு பறவைக் காய்ச்சல், அவற்றுக்குச் சிகிச்சை பார்த்த மருத்துவருக்கும் தொற்றியது. அவருக்கு லேசாகத்தான் வந்தது. ஆனாலும் எங்கள் தொழிலில் யாரும் அதை மறக்கவில்லை.

பச்சை இறைச்சியோ காய்ச்சாத பாலோ கொடுத்திருந்தால் அதை மறைக்காதீர்கள். திட்டுவேனோ என்று பயந்து, "வெறும் பிஸ்கட்தான் டாக்டர்" என்று சாதித்துவிட்டு, மூன்றாம் நாள் உண்மையைச் சொன்னவர்கள் உண்டு. அந்த மூன்று நாளும் நான் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

பறவைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் சுங்கை புலோ சதுப்புநிலத்துக்கு வந்து போகும் காலம். மைனாவும் புறாவும் ஆண்டு முழுக்க நம் சன்னலோரம்தான். மாடியிலிருந்து பூனை விழாமலிருக்கப் போடும் வலையே பறவையும் பூனையும் சந்திக்காமல் பார்த்துக்கொள்ளும். புறாவுக்குச் சோறு போடுவது இங்கே சட்டப்படி குற்றம். பூனை வளர்ப்பவர்கள் அதை இரட்டிப்பாக நினைவில் வையுங்கள். ஜொகூரில் உறவினர் வீட்டுக் கோழிக்கூண்டுப் பக்கம் போய்வந்தால் செருப்பை வாசலிலேயே விட்டுக் கழுவுங்கள்.

வீட்டுச் சமையல்தான் கொடுப்பேன் என்றால் கோழியைத் தனியாக வேகவையுங்கள். குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிப் போடுவது வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். வெந்த எலும்பு பிளந்து குத்தும். தினமும் வெறும் கோழிக்கறி மட்டுமே என்றால் கால்சியம் போதாது, டாரின் என்ற சத்து குறைந்தால் இதயமும் கண்ணும் கெடும். ஆகவே முழுச்சத்துள்ள டின் உணவு அல்லது உலர்தீனி முதன்மையாக இருக்கட்டும், வெந்த கோழி அதன்மேல் ஒரு பிடி.

அந்த அக்கா இரண்டு நாளில் அழைத்தார். பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிட்டாராம், பூனை டின் உணவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். "பசிச்சா தின்னும்னு விட்டுடலாமா?" என்றார். விடக் கூடாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே, அதுவும் குண்டுப் பூனையாக இருந்தால், ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும். கோழியை நன்றாக வேகவைத்து, பிய்த்து, டின் உணவை ஒரு தேக்கரண்டி அளவில் கலந்து தொடங்கச் சொன்னேன். பத்து நாளில் அளவை மெல்ல மாற்றலாம். லேசாகச் சூடாக்கிக் கொடுத்தால் வாசனைக்கே வரும். நேற்றைய நிலவரம்: பாதிக்குப் பாதி.