மெரிட் சிஸ்டம்: சொல்லும் பொருளும்

நம் பேச்சில் 'மெரிட்' என்றால் மெரிட் சீட்டு. மார்க் எடுத்து வாங்கியது, மேனேஜ்மென்ட் கோட்டாவில் வந்ததல்ல. அமெரிக்க அரசு நிர்வாகத்தில் 'மெரிட் சிஸ்டம்' என்பது கட்சிச் செல்வாக்கைப் பார்க்காமல், போட்டித் தேர்வு வைத்து ஆள் எடுக்கும் ஏற்பாடு.

மூலம் இலத்தீன் 'மெரிட்டும்': ஒருவர் தன் செயலால் ஈட்டியது. எதிர்ச்சொல் 'ஸ்பாய்ல்ஸ் சிஸ்டம்'. ஸ்பாய்ல்ஸ் என்றால் போரில் வென்றவன் அள்ளிச் செல்வது. தேர்தலில் ஜெயித்த கட்சி அஞ்சலக வேலை வரைக்கும் தன் ஆட்களுக்குக் கொடுத்துவிடும். வேலை கிடைக்காத ஆத்திரத்தில் ஒருவன் 1881இல் ஜனாதிபதி கார்ஃபீல்டையே சுட்டான். மத்திய அரசு வேலைகளுக்குப் போட்டித் தேர்வைக் கொண்டுவந்த பெண்டில்டன் சட்டம் 1883இல் வந்தது.

தேர்வு வந்ததும் பாகுபாடு போய்விடவில்லை. ஜனாதிபதி உட்ரோ வில்சன் காலத்தில், 1914 முதல், விண்ணப்பத்தோடு புகைப்படமும் கேட்டார்கள். மதிப்பெண் வரிசையில் முதல் மூவரில் யாரையும் அதிகாரி எடுக்கலாம் என்பது விதி. முதலிடத்தில் இருப்பது கருப்பு முகம் என்று படத்திலேயே தெரிந்துவிடும். அடுத்தவரை எடுத்தாலும் விதி மீறல் ஆகாது. படம் கேட்கும் வழக்கம் 1940இல்தான் நின்றது.

கென்டக்கியில் பிறந்து, அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படித்த எர்சா போஸ்டன் இந்த முறையின் தலைமைக்கே வந்தார். ஆளுநர் ராக்ஃபெல்லர் அவரை 1967இல் நியூயார்க் மாநில சிவில் சர்வீஸ் கமிஷனின் தலைவராக்கினார். ஏறக்குறைய நம் டிஎன்பிஎஸ்சி தலைவர் பதவி மாதிரி. அதில் அமர்ந்த முதல் கருப்பினத்தவர் அவர். அவர் அங்கிருந்தபோதுதான், ஒரு பிரிவினரை அதிகம் கழித்துவிடும் தேர்வு அந்த வேலைக்குத் தொடர்புடையது என்று முதலாளி காட்ட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1971இல் சொன்னது. தீர்ப்புக்கு அடிப்படையான, வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் மறு ஆண்டே மாநில அரசுகளுக்கும் நீண்டது. மெரிட்டின் பொருளில் நேர்ந்த பெரிய மாற்றம் இதுவே என்பேன். 1977இல் ஜனாதிபதி கார்ட்டர் போஸ்டனை மத்திய சிவில் சர்வீஸ் கமிஷனுக்கு அழைத்தார். 1979இல் அது கலைக்கப்பட்டதும், பணியாளர் மேல்முறையீடுகளைக் கேட்கும் மெரிட் சிஸ்டம்ஸ் ப்ரொடெக்‌ஷன் போர்டின் துணைத் தலைவரானார்.

தமிழில்? நியூயார்க் அரசியலமைப்பு மெரிட்டையும் வேலைக்கான பொருத்தத்தையும் தனித்தனியே சொல்கிறது. 'தகு' என்ற வேரில் பிறந்த 'தகுதி' இரண்டையும் தாங்கும். 'திறமை' தாங்காது. எனவே 'தகுதிமுறை நியமனம்'; அந்த போர்டு 'தகுதிமுறைப் பாதுகாப்பு வாரியம்'. ஸ்பாய்ல்ஸ் சிஸ்டத்தைக் 'கொள்ளை முறை' என்றால் லஞ்சம் என்று நினைத்துவிடுவார்கள். 'கட்சிவழி நியமனம்' போதும்.