ஓலை 47-இன் கீழ்ப்பாதி

ஓலைச்சுவடிகளைப் படமெடுத்துப் பாதுகாப்பது என் வேலை. சில வருடங்களுக்கு முன், ஆய்வாளர் ஒருவர் கேட்டார் என்று ஒரு மருத்துவச் சுவடியின் படங்களைப் பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுத்தேன். ஓலை 47-ஐத் திறந்தால் மேலே மூன்று வரி பளிச்சென்று இருக்கிறது. நாலாவது வரியிலிருந்து வெறும் சாம்பல் பட்டை. இரண்டாவது டிஸ்க்கைச் செருகினேன். அதிலும் அதே சாம்பல். முதல் டிஸ்க்கில் கோப்பு கெட்ட பிறகுதான் அதிலிருந்து நகல் எடுத்திருக்கிறோம். சரி, மறுபடி படமெடுக்கலாம் என்று சுவடி வைத்திருந்தவர் வீட்டுக்குப் போனால், அந்த ஓலை துளைக்குப் பக்கத்தில் ஒடிந்து, பூச்சி அரித்துப் போயிருந்தது. அந்த வரிகள் போனது போனதுதான்.

இடம் மிச்சமாகும் என்று படங்களை ஜேபெக் (JPEG) என்ற சுருக்கிய கோப்பு வகையில் மட்டும் வைத்திருந்தது எங்கள் தவறு. கணக்கு இதுதான்: 40 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலமுள்ள ஓலையை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்தால் சுமார் 9,450 × 945 புள்ளிகள். டிஃப் (TIFF) என்ற இன்னொரு வகையில், சுருக்காத கோப்பாக வைத்தால் ஏறக்குறைய 27 எம்பி. 150 ஓலைக் கட்டுக்கு இருபுறமும் சேர்த்து 300 படம், 8 ஜிபி. ஜேபெக்கில் இதெல்லாம் சிறிதாக அடங்கிவிடும். ஆனால் நுணுக்கங்களை உதறித்தான் அது சுருங்குகிறது. திருத்திச் சேமிக்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் உதறும். அதைவிட மோசம், அதன் தரவு சங்கிலி போல ஒன்றைப் பிடித்து ஒன்று நிற்பது. நடுவில் ஒரு பைட் கெட்டால் அதற்குக் கீழே உள்ள படமே குலைந்துவிடலாம். சுருக்காத டிஃப்பில் படத் தரவில் ஒரு பைட் கெட்டால் ஒரு புள்ளியின் நிறம் மாறும், அவ்வளவுதான். அதனால் இப்போது மூலப்படம் டிஃப். பார்க்கவும் அனுப்பவும் மட்டும் ஜேபெக்.

அப்புறம், செக்சம், அதாவது கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் அடையாளம். படம் எடுத்த அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 முறையில் 64 எழுத்துள்ள ஒரு கைரேகை எடுத்து, அதே ஃபோல்டரில் ஒரு உரைக்கோப்பில் எழுதிவிடுகிறோம். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் கைரேகை வேறாகிவிடும். நகல் எடுத்ததும் ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கிறோம். இதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒப்பிடாமல் பத்து நகல் வைத்திருப்பதைவிட ஒப்பிட்ட மூன்று நகல் மேல் என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

அந்த மூன்றில் ஒன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு, ஒரே அலமாரியில் இரண்டு டிஸ்க் ஏன் போதாது என்று விளக்கத் தேவையில்லை. மேகச் சேமிப்பில் தானாக ஒத்திசைவதை மட்டும் நம்பவும் கூடாது. இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழியும்.

கோப்புப் பெயரில் கட்டு எண், ஓலை எண், முன்பக்கமா பின்பக்கமா என்பது போதும். எண்ணை 1 என்று எழுதாமல் 001 என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் பல மென்பொருள்களில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும்.

வீட்டில் தாத்தா பாட்டி படங்களை ஸ்கேன் செய்பவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் புகைப்படமாக அல்ல, டாக்குமெண்டாக அனுப்புங்கள். டிஸ்க்கின் மேல் ஒரு சீட்டு ஒட்டி, வாங்கிய தேதியையும் கடைசியாகச் சரிபார்த்த தேதியையும் எழுதிவையுங்கள்.