பாதி சிகிச்சையில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து பயப்படாதீர்கள்

போன வாரமும் ஒருவர் வந்தார். புராஸ்டேட் புற்றுநோய், மொத்தம் இருபது நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டியவர். பன்னிரண்டாவது நாளோடு ஆளைக் காணோம், போன் போட்டாலும் எடுக்கவில்லை, ஒரு வாரம் கழித்து மகனோடு வந்து நிற்கிறார். கையில் வெளியில் எடுத்த எம்ஆர்ஐ ரிப்போர்ட். அதில் 'பை-ராட்ஸ் 5' (எம்ஆர்ஐயில் புற்றுநோய் சந்தேகத்துக்குப் போடும் மார்க், 5தான் உச்சம்) என்று இருந்த இடத்தில் பேனாவால் இரண்டு முறை கோடு போட்டிருந்தார்கள். "கட்டி அப்படியே இருக்குன்னு போட்டிருக்கே டாக்டர், அப்போ கரண்ட் வேலை செய்யலைன்னுதானே அர்த்தம்?" என்று மகன் கேட்கிறார். அதற்குள் வீட்டில் ஏதோ சூரணமும் ஆரம்பித்தாயிற்று. இப்படி வருபவர்களைப் பார்த்துப் பார்த்து மனசு வெறுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கதிர்வீச்சு கட்டியைச் சுட்டுக் கரைப்பதில்லை. செல்லின் டிஎன்ஏவை உடைக்கிறது, அவ்வளவுதான். அப்படி உடைந்த செல் உடனே சாகாது, அடுத்த முறை இரண்டாகப் பிரியப் போகும்போதுதான் பெரும்பாலும் சாகும். புராஸ்டேட் புற்றுநோய் செல்கள் மெதுவாகப் பிரிபவை. எனவே இன்று விழுந்த அடிக்குப் பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். ரத்தத்தில் பார்க்கும் புராஸ்டேட் அளவுகோலான பிஎஸ்ஏ கூட சிகிச்சை முடிந்து ஒன்றரை, இரண்டு வருடம் வரை மெல்ல மெல்லத்தான் இறங்கும், நடுவில் கொஞ்சம் ஏறி மறுபடி இறங்குவதும் உண்டு. இறங்கிய மிகக் குறைந்த அளவிலிருந்து 2 புள்ளி ஏறினால்தான் நோய் திரும்பிவிட்டதோ என்று நாங்கள் யோசிப்போம். சதை எடுத்துப் பார்ப்பதைக்கூட இரண்டு வருடத்துக்கு முன் செய்தால் நம்ப முடியாது, சாகப்போகிற செல்லும் மைக்ராஸ்கோப்பில் உயிரோடு இருப்பது மாதிரிதான் தெரியும். நிலைமை இப்படி இருக்க, பன்னிரண்டாம் நாள் எம்ஆர்ஐயில் கட்டி இருக்கிறது என்றால் அதில் அதிர்ச்சிக்கு என்ன இருக்கிறது? இருக்கத்தான் செய்யும்.

இன்னொன்று, பை-ராட்ஸ் என்பதே இதுவரை சிகிச்சை எடுக்காத புராஸ்டேட்டுக்கு மார்க் போடும் முறை. கரண்ட் வைக்கும்போது புராஸ்டேட் சுரப்பி வீங்கும். எம்ஆர்ஐயில் வெள்ளையாகத் தெரிய வேண்டிய நல்ல சதையும் போகப்போக கறுத்துவிடும், கட்டியும் கறுப்பு, எல்லை எது என்று பிரித்துச் சொல்வதே கஷ்டம். ஹார்மோன் ஊசி போட்டவர்களுக்கு இன்னும் குழப்பம். சிகிச்சை நடக்கிறது என்ற விஷயத்தையே ஸ்கேன் சென்டரில் சொல்லாமல் எடுத்தால் அந்த ரேடியாலஜிஸ்ட் பாவம், என்ன எழுதுவார்?

அப்புறம் எம்ஆர்ஐ எதற்கு? இடம் பார்க்க. சிகிச்சைக்கு முன்பு எடுக்கும் எம்ஆர்ஐயை சிடி படத்தின் மேல் பொருத்தித்தான் சுரப்பியின் எல்லையை வரைகிறோம், ஏனென்றால் சிடியில் மட்டும் பார்த்தால் புராஸ்டேட் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். இப்போது எம்ஆர்ஐயும் கதிர்வீச்சு மெஷினும் ஒன்றாகவே இருக்கும் எம்ஆர்-லீனாக் வந்துவிட்டது. அதில் கதிர் பாயும்போதே சுரப்பி நகர்கிறதா என்று பார்க்கலாம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் யுசிஎல்ஏவில் செய்த மிராஜ் ஆய்வில், சிடி உதவியோடு வைக்கும்போது சுரப்பி நகர்ந்தாலும் தவறாமல் இருக்க அதைச் சுற்றி 4 மில்லிமீட்டர் கூடுதல் இடத்துக்கும் கதிர் வைத்தார்கள், எம்ஆர்ஐ உதவியோடு 2 மில்லிமீட்டர் போதுமாக இருந்தது. ஆரம்ப மாதங்களில் ஓரளவுக்கு மேல் சிறுநீர்த் தொந்தரவு வந்தவர்கள் 43 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாகக் குறைந்தார்கள். 2023இல் வெளிவந்த முடிவு இது. கவனியுங்கள், லாபம் பக்கவிளைவில். கட்டி கரைந்ததா என்று பார்ப்பதற்காக அவர்கள் அந்தப் படத்தை எடுக்கவில்லை. சிகிச்சையின் நடுவில் எம்ஆர்ஐயில் கட்டி மாறுவதை வைத்து ஏதாவது கணிக்க முடியுமா என்ற ஆராய்ச்சிகள் நடக்கின்றன, உண்மைதான். ஆனால் அதை வைத்து சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவது நடைமுறையில் இல்லை.

உங்கள் ஆஸ்பத்திரியில் அந்த மெஷின் இல்லையென்றால் குறைந்துபோய்விடவில்லை. ஐந்தே தடவையில் முடிக்கும் முறை நீண்ட சிகிச்சைக்குச் சமம் என்று காட்டிய பேஸ்-பி ஆய்வு நடந்தது எம்ஆர்ஐ இல்லாத சாதாரண கதிர்வீச்சு மெஷினான லீனாக்கிலும், சைபர்நைஃப் என்ற ரோபோ கை மெஷினிலும்தான். தினமும் மேசையில் படுத்ததும் எடுக்கிற சின்ன சிடி ஸ்கேனும் இடம் பார்க்கத்தான். "இன்னிக்கு எவ்வளவு கரைஞ்சிருக்கு தம்பி?" என்று டெக்னீஷியனைத் தினமும் கேட்காதீர்கள். அவர் பார்ப்பது மூத்திரப்பை நிறைந்திருக்கிறதா, மலக்குடலில் காற்று இருக்கிறதா, சுரப்பி நேற்று இருந்த இடத்தில் இருக்கிறதா என்பதை.

சுரப்பி அதே இடத்தில் இருப்பது பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது. மலக்குடலில் காற்று உப்பினால் புராஸ்டேட் சில மில்லிமீட்டர் முன்னால் தள்ளப்படும், நாங்கள் சுற்றிலும் விட்டிருக்கும் இடமே அவ்வளவுதான். காலையில் மலம் கழித்துவிட்டு வாருங்கள், இரண்டு நாளாகப் போகவில்லை என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், மருந்து தருவோம். மொச்சை, கடலை, சோடா வேண்டாம். சிறுநீரைக் கழித்துவிட்டு, நாங்கள் சொன்ன அளவு தண்ணீரைக் குடித்து, சொன்ன நேரம் காத்திருங்கள். அடக்க முடியவில்லை என்றால் சிஸ்டரிடம் சொல்லுங்கள், பாதியைக் கழித்துவிட்டு வந்து படுத்தால் அன்றைய திட்டமே மாறிவிடும். பேஸ்மேக்கர் இருப்பவர்கள் எந்த ஸ்கேன் அறைக்குள் போகும் முன்பும் சொல்லியே ஆக வேண்டும்.

நாள் விடாதீர்கள், தயவுசெய்து. விட்டால் மறுபடி கணக்குப் போட்டு ஈடுகட்ட வேண்டியிருக்கிறது, எல்லா நேரமும் முழுதாக ஈடுகட்ட முடிவதில்லை. அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று துடிக்கிற பிள்ளைகளின் பயம் எனக்குப் புரிகிறது. அந்தப் பணத்தைக் கட்டுவதற்கு முன் ஒரு போன் செய்யுங்கள். சிகிச்சை முடிந்து மூன்று மாதத்தில் பிஎஸ்ஏ பாருங்கள், முடிந்தவரை அதே லேபில். நடுவில் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் போனாலோ மட்டும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், ராத்திரியானாலும் நேரே அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.