இடக்கையால் ஆசீர்வதிக்கும் புனிதர்

பழைய அச்சுப்படம் ஒன்றைப் படமெடுத்து அனுப்பிய வாசகர் ஒருவர், அதிலுள்ள புனிதர் இடது கையை உயர்த்தி ஆசீர்வதிப்பதில் ஏதேனும் மறைபொருள் உண்டா, இப்படத்தை வீட்டில் வைத்திருக்கலாமா என்று கேட்டிருந்தார். தாராளமாக வைத்திருக்கலாம். அந்த இடக்கைக்கான காரணத்தைத் தேடிப் புனிதரின் வரலாற்றைப் புரட்ட வேண்டியதில்லை. படம் செப்புத்தகட்டிலிருந்து தாளுக்கு வந்த வழியைத் தெரிந்துகொண்டால் போதும்.

புனிதர் யாரென்று அறிவது பெரும்பாலும் எளிது. இரும்புக் கட்டிலோடு நிற்பவர் லாரன்ஸ். உடைந்த சக்கரத்தோடு இருப்பவர் கத்தரீன். காலடியில் பன்றி நின்றால் வனத்து அந்தோணியார். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1514-இல் செதுக்கிய படத்தில், அறைக்குள் அமர்ந்து எழுதும் முதியவரின் முன்னே சிங்கம் படுத்திருப்பதால் அவர் புனித ஜெரோம் என்று அறிகிறோம். அந்தச் சிங்கக் கதையே கெராசிமுஸ் என்னும் வேறொரு துறவியுடையது. பெயர் ஒப்புமையால் ஜெரோமிடம் வந்து சேர்ந்தது. சுவரில் தொங்கும் கர்தினால் தொப்பியும் அப்படித்தான்: 420-இல் இறந்த ஜெரோமின் காலத்தில் அத்தகைய தொப்பி கிடையாது.

அதே படத்தில் உத்தரத்திலிருந்து தொங்கும் பெரிய சுரைக்காய்தான் சுவையானது. விவிலியத்தில் யோனா என்னும் இறைவாக்கினருக்கு நிழல் தந்த செடியைப் பழைய இலத்தீன் விவிலியம் சுரை என்றது. விவிலியத்தை இலத்தீனில் புதிதாக மொழிபெயர்த்த ஜெரோம் அதை ஐவி என்னும் படர்கொடியாக மாற்றினார். புதிய மொழிபெயர்ப்பை வாசித்த ஆப்பிரிக்க ஆலயம் ஒன்றில் மக்கள் கொந்தளித்ததாக ஆயர் அகுஸ்தீன் அவருக்குக் கடிதம் எழுதினார். அந்த வழக்கையே ட்யூரர் நினைவூட்டுகிறார் என்னும் விளக்கம் எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றாலும் இங்கே படத்துக்கு உதவியிருக்கிறது. நம் தமிழ் விவிலியத்தில் அதே செடி ஆமணக்கு!

இனி செம்புக்கு வருவோம். செதுக்குபவர் சாய்சதுர முனை கொண்ட எஃகு உளியை உள்ளங்கையால் முன்னோக்கித் தள்ளும்போது, கொழுமுனை மண்ணைக் கிழிப்பதுபோல அது செம்பைச் சுருளாகச் சீவியெடுத்து ஓர் உழுசாலை விட்டுச் செல்கிறது. வளைவு வேண்டுமானால் கை பெரிதாகத் திரும்புவதில்லை. மணல் நிரப்பிய தோல் மெத்தையின்மேல் கிடக்கும் தகட்டையே மற்றக் கை சுழற்றுகிறது. அழுத்தம் கூடினால் பள்ளம் ஆழ்ந்து அகலும், குறைந்தால் மெலியும். பிறகு தகடு முழுவதும் மை பூசி மேற்பரப்பைத் துடைத்தெடுத்தால், பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளைத் தகட்டின்மேல் வைத்து உருளைகளுக்கிடையே செலுத்தும்போது தாள் பள்ளத்துக்குள் பிதுங்கி இறங்கி மையைக் கவ்விக்கொண்டு வருகிறது. ஆகவே மை தாளின்மேல் மெல்லிய வரப்பாக நிற்கும். பத்து மடங்கு காட்டும் லென்ஸும் பக்கவாட்டு வெளிச்சமும் இருந்தால் அதைக் கண்ணாலேயே காணலாம். ஜெரோமின் சன்னல் ஓரத்தில் வட்டக் கண்ணாடிகளின் நிழலுக்கிடையே விழும் வெயில், உளி தொடாமல் விட்ட செம்பேயன்றி வேறில்லை.

இம்முறையில் இடமும் வலமும் மாறிவிடும். அதனால் தேர்ந்தவர்கள் தகட்டில் இடவலம் மாற்றியே செதுக்கினார்கள். ட்யூரர் தம் பெயரெழுத்துகளையும் ஆண்டையும்கூட அப்படித்தான் வெட்டியிருக்கிறார். ஆனால் அச்சான படத்தைப் பார்த்து நகலெடுத்தவர் அதை அப்படியே தகட்டில் வரைந்துவிட்டால், வாள் வலது இடுப்புக்குப் போகும், ஆசீர்வதிக்கும் கை இடக்கையாகும். வாசகரின் படம் அத்தகைய நகலாகவே இருக்க வேண்டும். இடக்கை என்றாலே அபசகுனம் என்று மிரள்வதும், உடனே அதில் இரகசியச் சங்கேதம் தேடுவதும் ஒரே பழக்கத்தின் இரு முகங்கள் என்பது என் கருத்து.

இன்னொரு எச்சரிக்கை: ஒவ்வொரு துடைப்பிலும் அழுத்தத்திலும் செம்பு தேய்கிறது. கன்னத்தின் நுண்கோடுகள் முதலில் மறைகின்றன; மங்கிய அச்சுப்படியைப் பார்த்துப் புனிதரின் முகத்தில் தெய்வீக அமைதி தவழ்கிறது என்று எழுதியவர், உண்மையில் தேய்மானத்தைப் பாராட்டியிருக்கலாம்.

உளியின் அழுத்தத்தை மட்டுமே நம்பி ஒரு முகத்தையே படைத்தவர் பிரெஞ்சுச் செதுக்குக் கலைஞர் குளோத் மெலான். 1649-இல் அவர் செதுக்கிய, இயேசுவின் முகம் பதிந்த புனித வெரோனிக்காவின் துகிலைக் காட்டும் படத்தில், இயேசுவின் மூக்கு நுனியில் தொடங்கும் ஒரே கோடு சுருள்சுருளாக வெளிநோக்கி விரிகிறது. குறுக்குக் கோடு எதுவும் அதை வெட்டவில்லை; தடித்த இடம் நிழல், மெலிந்த இடம் ஒளி. ஒப்பற்ற ஒருவர் ஒன்றால் உருவாகிறார் என்னும் பொருள்பட இலத்தீனில் எழுதியும் வைத்தார். லென்ஸை நெற்றிக்குக் கொண்டுசென்று பாருங்கள்: முள்முடிக்குக் கீழே வழியும் குருதித்துளியும் அதே கோடு சற்றே தடித்த இடந்தான்.